பாதியில் நிற்கும் நாவலை முடிக்க வைப்பது எது?

எழுதத் தொடங்கிப் பல ஆண்டுகளாகியும் முடியாமல் கிடக்கும் நாவல் ஒன்று, எழுத்தில் நாட்டமுள்ள பலரது அலமாரியிலும் இருக்கும். போதிய நேரமும் மனவுறுதியும் வாய்த்தால் அதை முடித்துவிடலாம் என்பது பொதுவான நம்பிக்கை. இருபதாம் நூற்றாண்டில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட நாவல்களுள் ஒன்று எழுதப்பட்ட வரலாறு, அந்த நம்பிக்கையை ஐயத்துக்கு உள்ளாக்குகிறது.

அந்த நாவல் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. அதை எழுதிய பிரிட்டிஷ் பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன், 1937ஆம் ஆண்டு டிசம்பரில் அதைத் தொடங்கினார். அது அச்சுக்குரிய வடிவில் தட்டச்சாகி முடிந்தபோது 1949ஆம் ஆண்டாகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் கதை பலமுறை நின்றது. சில சமயங்களில் இனி நகராது என்று அவரே எண்ணுமளவுக்கு நின்றது.

அதே டோல்கீன் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வந்த இன்னொரு நூல் கடைசி வரை முடியவேயில்லை. எழுதியவர் ஒருவரே, திறமையும் ஒன்றே. ஒன்று முடிந்து மற்றொன்று முடியாமல் போனதன் காரணம்தான் இங்கு நமக்கு முக்கியமானது.

இன்டர்லாக்கனிலிருந்து

துன் ஏரிக்கும் பிரியன்ஸ் ஏரிக்கும் நடுவே, ஆரே ஆற்றின் கரையில் அமைந்துள்ள சிறிய ஊர் இன்டர்லாக்கன். ஏரிகளுக்கு இடைப்பட்டது என்பதே அதன் பெயரின் பொருள். தமிழர்களில் பெரும்பாலோர் இவ்வூரையும் இதனைச் சூழ்ந்த பனிமலைகளையும் திரைப்படப் பாடல் காட்சிகளின் வழியாகவே அறிவர். இந்தித் திரைப்பட இயக்குநர் யஷ் சோப்ராவுக்கு இங்கே 2016ஆம் ஆண்டில் சிலையே வைக்கப்பட்டிருக்கிறது.

1911ஆம் ஆண்டு கோடைகாலத்தில் டோல்கீனுக்கு வயது பத்தொன்பது. தாய் தந்தை இருவரையும் இழந்தவர். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சேரவிருந்தவர். தம்பி, அத்தை, குடும்ப நண்பர்கள் என ஏறத்தாழ ஒரு டஜன் பேர் கொண்ட குழுவுடன் அவர் சுவிட்சர்லாந்துக்கு வந்தார்.

கனத்த மூட்டைகளைச் சுமந்தவாறு இன்டர்லாக்கனிலிருந்து மலைப்பாதைகள் வழியாக லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்குக்கும், அங்கிருந்து முர்ரனுக்கும், பின்னர் கிரிண்டல்வால்ட், மைரிங்கன் ஆகிய ஊர்களைக் கடந்தும் அக்குழு கால்நடையாகச் சென்றது. இரவுகளில் வைக்கோல் பரண்களிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் படுத்துறங்கியதுண்டு. அலெட்ச் பனியாற்றின் அருகே மலைச்சரிவிலிருந்து உருண்டு வந்த கற்களில் அடிபடாமல் டோல்கீன் மயிரிழையில் தப்பினார்.

யுங்ஃப்ராவ் சிகரத்தருகே 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள நிலையத்துக்குச் செல்லும் ரயில் பாதை திறக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டான 1912இல்தான். இன்று சுற்றுலாப் பயணிகள் ரயிலில் அமர்ந்தவாறே எட்டிவிடும் உயரங்களை அக்குழுவினர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தனர்.

இப்பயணத்தை டோல்கீன் மறக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கும் பின்னர், 1960களின் பிற்பகுதியில் தமது மகன் மைக்கேலுக்கு எழுதிய கடிதத்தில் அதனை விரிவாக நினைவுகூர்ந்தார். 'த ஹாபிட்' என்ற தமது சிறுவர் நாவலில் நாயகன் மேற்கொள்ளும் மலைப்பயணம் அந்த 1911ஆம் ஆண்டு அனுபவங்களின் அடிப்படையில் அமைந்ததே என்று அதில் குறிப்பிட்டார். செங்குத்தான பாறைச் சுவர்களிலிருந்து அருவிகள் விழும் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கையும், ரிவண்டெல் என்னும் கற்பனைப் பள்ளத்தாக்குக்கு அவர் தீட்டிய ஓவியத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒற்றுமை எளிதில் புலப்படும்.

ஆக, கதைக்கான நிலம் அவருக்கு இளமையிலேயே கிடைத்துவிட்டது. எழுத்தாளர்கள் பலருக்கும் அப்படித்தான். கிராமமோ, மலையோ, கடற்கரையோ முதலிலேயே மனதில் தங்கிவிடுகிறது. சிக்கல் எழுதத் தொடங்கிய பின்னர்தான் வருகிறது.

கல்லறையருகே நின்ற கதை

'த ஹாபிட்' 1937ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியாகி நன்றாக விற்றது. பதிப்பாளரான ஸ்டான்லி அன்வின் தொடர்ச்சி ஒன்றைக் கேட்டார். டோல்கீன் முதலில் அனுப்பிவைத்தது, தாம் பல ஆண்டுகளாக எழுதிவந்த தொன்மக் கதைகளின் கையெழுத்துப் பிரதிகளை. அவை திரும்பி வந்தன. பதிப்பகத்துக்கு வேண்டியிருந்தது ஹாபிட் எனப்படும் குள்ள மனிதர்களைப் பற்றிய இன்னொரு கதை. அந்த டிசம்பர் மாதமே அவர் முதல் அத்தியாயத்தை எழுதினார்.

கதை எங்கே போகும் என்று தெரியாமலேயே தொடங்கினார் என்பதற்கு அவரது வரைவுகளே சான்று. நாயகன் ஃபுரோடோவின் பெயர் தொடக்கத்தில் பிங்கோ. பின்னர் ஓர் அரச மரபின் வாரிசாக உருவெடுக்கும் பாத்திரம், முதல் வரைவுகளில் மரக் காலணி அணிந்த ஒரு ஹாபிட்டாக இருந்தது. சத்திரத்தின் மூலையில் அமர்ந்திருந்த அந்த மனிதர் யாரென்று தமக்கும் அப்போது தெரியாது என்று டோல்கீன் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இதன் விளைவு, தொடக்க அத்தியாயங்கள் மீண்டும் மீண்டும் திருத்தி எழுதப்பட்டன. பாத்திரம் மாறினால் முன்னே சென்று மாற்ற வேண்டும். முன்னே மாற்றினால் பின்னே வருவது பொருந்தாது. முடியாத நாவல் வைத்திருக்கும் எவருக்கும் இந்தச் சுழல் புதிதல்ல. முதல் ஐம்பது பக்கங்கள் பளபளவென்று இருக்கும். ஐம்பத்தொன்றாம் பக்கம் இருக்காது.

இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் கதை மோரியா என்னும் நிலத்தடிச் சுரங்கத்தில், ஒரு கல்லறையின் அருகே வந்து நின்றுவிட்டது. ஏறத்தாழ ஓராண்டு காலம் பாத்திரங்கள் அங்கேயே நின்றன. பின்னர் 1941, 1942ஆம் ஆண்டுகளில் நகர்ந்து மறுபடியும் நின்றது.

புறக்காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பல்கலைக்கழகப் பணி, நான்கு பிள்ளைகள், போர்க்காலக் கடமைகள், கூடுதல் வருமானத்துக்காகத் திருத்திய தேர்வுத்தாள்கள், காகிதத் தட்டுப்பாடு. மாணவர்களின் பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில்கூட நாவலின் பகுதிகளை அவர் எழுதியுள்ளார். ஆனால் இவற்றையே முழுக் காரணமாகக் கொள்வது சரியாகாது. இதே பணிச்சுமைக்கு நடுவேதான் நாவல் சில மாதங்களில் வேகமாக வளர்ந்தும் இருக்கிறது. கதை எங்கே முடிய வேண்டும் என்பது அவருக்கு ஓரளவு முன்னரே தெரிந்திருந்தது. இடையிலுள்ள நீண்ட வழிதான் தெரியவில்லை.

ஓர் இலையும் ஒரு மரமும்

இந்தத் தேக்கத்தின் காலத்தில் அவர் ஒரு சிறுகதை எழுதினார். 'லீஃப் பை நிகிள்' என்ற அக்கதை 1945ஆம் ஆண்டு ஜனவரியில் 'டப்ளின் ரிவ்யூ' இதழில் வெளியானது. ஒரு நாள் காலை கண்விழித்தபோதே முழுக்கதையும் மனதில் இருந்ததாக அவர் பின்னர் கூறினார். திருத்தித் திருத்தி எழுதுவதற்குப் பேர்போனவர் ஏறத்தாழத் திருத்தமின்றி எழுதிய கதை இது.

நிகிள் ஓர் ஓவியர். ஓர் இலையில் தொடங்கிய அவரது ஓவியம் மரமாகி, மரத்தின் பின்னே நாடும் மலைகளும் விரிந்து, ஏணி வைத்துத் தீட்டும் அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. இலை தீட்டுவதில் வல்லவரான அவருக்கு முழு மரம் கைகூடவில்லை. அண்டைவீட்டார் உதவி கேட்டு வந்துகொண்டே இருக்கிறார். இதற்கிடையே தவிர்க்கவே முடியாத ஒரு பயணத்துக்கான அழைப்பும் வந்துவிடுகிறது. அது மரணம் என்பதை வாசகர் புரிந்துகொள்கிறார். ஓவியம் முடியாமலே அவர் புறப்படுகிறார்.

இக்கதை யாரைப் பற்றியது என்பதில் ஐயம் எழ வாய்ப்பில்லை. ஒருவகையில் இது ஒரு மருந்தாகவும் அமைந்திருக்கலாம். தாம் அஞ்சியதை, அதாவது முடிக்காமலே இறந்துபோவதை, அவர் ஒரு கதையாக எழுதி முடித்துவிட்டார். பெரிய நாவல் நிற்கும்போது சிறிய கதையொன்றை முடிப்பது வெறும் ஒத்திப்போடல் என்று சொல்லப்படுவதுண்டு. அது எப்போதும் உண்மையல்ல.

காத்திருந்தவர்கள்

திருப்பம் 1944ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதற்கு இரண்டு பேர் காரணம்.

முதலாமவர் சி.எஸ். லூயிஸ். ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கீனின் சக ஆசிரியர், அவரும் எழுத்தாளர். இவர்களும் நண்பர்களும் கூடித் தங்கள் படைப்புகளை உரக்க வாசித்த 'இங்க்ளிங்ஸ்' குழு வியாழக்கிழமை இரவுகளில் லூயிஸின் கல்லூரி அறையில் சந்தித்து வந்தது. அக்குழுவில் எல்லோருக்கும் டோல்கீனின் கதை பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. லூயிஸ் மட்டும் விடாது கேட்டார். 1944இன் வசந்த காலத்தில் நின்றுபோயிருந்த நாவலை மீண்டும் கையிலெடுக்குமாறு வற்புறுத்தியவர் அவரே. புதிய அத்தியாயங்கள் வாரந்தோறும் அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டன.

இரண்டாமவர் டோல்கீனின் மூன்றாவது மகன் கிறிஸ்டோஃபர். பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்திருந்த அவர், 1944ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். சிறுவயது முதலே தந்தையின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். நாவலுக்கான வரைபடங்களை வரைந்தவர். வீட்டைப் பிரிந்து தொலைவில் இருந்த மகனுக்கு, ஒவ்வோர் அத்தியாயமாகத் தந்தை அனுப்பி வைத்தார்.

ஏப்ரல் தொடக்கம் முதல் மே இறுதிவரையிலான ஏறத்தாழ இரண்டு மாதங்களில் நாவலின் நான்காம் பகுதி முழுவதும் எழுதப்பட்டது. இரண்டு ஹாபிட்டுகள் எதிரியின் நாட்டை நோக்கி நடக்கும், கதையிலேயே மிகவும் இருண்ட பகுதி அது. அப்போதும் இடர்ப்பாடுகள் இல்லாமலில்லை. வெவ்வேறு இடங்களில் நடக்கும் நிகழ்ச்சிகளில் நிலவின் பிறைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதைக் கண்டு, எழுதிய அத்தியாயங்களைத் திருத்த வேண்டியிருந்ததாக மகனுக்கு அவர் எழுதினார். பல ஆண்டுகள் அவரைத் தடுத்து நிறுத்தியிருக்கக்கூடிய சிக்கல் அது. இம்முறை சரிசெய்துவிட்டு முன்னேறினார். அடுத்த அத்தியாயத்துக்காக ஒருவர் காத்திருந்தார்.

லூயிஸ் 1963இல் காலமானார். தாம் எழுதுவது தனிப்பட்ட பொழுதுபோக்கைவிட மேலானதாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தைத் தமக்கு அளித்தவர் அவரே என்றும், மேலும் மேலும் கேட்ட அவரது ஆர்வம் இல்லாதிருந்தால் நாவலைத் தாம் முடித்திருக்கவே மாட்டோம் என்றும் டோல்கீன் பின்னர் எழுதினார். லூயிஸ் தந்தது இலக்கிய நுணுக்க ஆலோசனை அல்ல என்பது இங்கு கவனிக்கத்தக்கது. அவர் தந்தது பசி.

அதன் பின்னரும் வேலை எளிதாகிவிடவில்லை. கதையின் இறுதிக்கு வந்து சேர மேலும் நான்கு ஆண்டுகள் பிடித்தன. தட்டச்சாளருக்குக் கூலி கொடுக்க வசதியில்லாததால் அவ்வளவு பெரிய நூலையும் தாமே தட்டச்சு செய்தார்.

இதே மலைநாட்டில் காத்திருக்கும் வாசகரின் வலிமைக்கு வேறொரு சான்றும் உண்டு. டோல்கீன் நடந்து கடந்த மைரிங்கன் ஊரின் அருகே உள்ளது ரைக்கன்பாக் அருவி. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதி அலுத்துப்போன ஆர்தர் கோனன் டாயில், 1893ஆம் ஆண்டில் வெளியான கதையில் தமது நாயகனை அந்த அருவியில் வீழ்த்தி முற்றுப்புள்ளி வைத்தார். வாசகர்கள் விடவில்லை. 1903இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்ப வேண்டியதாயிற்று. முடிந்த கதையையே மீண்டும் தொடங்க வைக்கும் ஆற்றல், நின்ற கதையை நகர்த்துவதில் வியப்பில்லை.

அறிவிப்பது வேறு, கொடுப்பது வேறு

உளவியல் ஆய்வுகள் இது குறித்து என்ன கூறுகின்றன? ப்ளூமா ஸெய்கார்னிக் என்ற உளவியலாளர் பெர்லினில் நடத்தி 1927ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. முடித்த வேலைகளைவிட இடையில் நிறுத்தப்பட்ட வேலைகள் நினைவில் அதிகம் தங்குகின்றன என்பது அதன் முடிவு. உணவகப் பணியாளர்கள், பணம் கொடுக்கப்படாத மேசையின் கணக்கை மனதில் வைத்திருப்பதும், பணம் வந்ததும் மறந்துவிடுவதும் இதற்கு உதாரணமாகச் சொல்லப்படும். பிற்கால ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை. எனினும் பாதியில் நின்ற நாவல் ஏன் இரவில் தூங்கவிடுவதில்லை என்பதற்கு இது ஓரளவு விளக்கமாகிறது.

2009இல் அமெரிக்காவின் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கோல்விட்சரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் பயனுள்ளது. தாம் என்னவாக விரும்புகிறோம் என்பதைப் பிறரிடம் சொல்லி, அவர்கள் அதைக் கவனித்துவிட்டால், அதற்காக உழைக்கும் முனைப்பு குறைகிறது என்று அவர்கள் கண்டனர். சொன்னதே பாதி அடைந்ததுபோன்ற நிறைவைத் தந்துவிடுகிறதாம். ஆய்வுக்கு உட்பட்டோர் பெரும்பாலும் மாணவர்கள் என்பதால், இதை நாவலாசிரியர்களுக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை தேவை.

ஆயினும் இதில் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. நாவல் எழுதுகிறேன் என்று நூறு பேரிடம் அறிவிப்பது வேறு. எழுதிய அத்தியாயத்தை ஒருவர் கையில் கொடுத்து, அடுத்தது எங்கே என்று அவரைக் கேட்கவைப்பது வேறு. டோல்கீன் செய்தது இரண்டாவது.

வாரப் பத்திரிகையின் கெடு

தமிழில் இந்தக் காத்திருக்கும் வாசகரை ஒரு நிறுவனமாகவே ஆக்கி வைத்திருந்தவை வாரப் பத்திரிகைகள். கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் 'பொன்னியின் செல்வன்', 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டு காலம் தொடர்ந்து வெளிவந்தது. அத்தனை பாத்திரங்களும் கிளைக்கதைகளும் கொண்ட நாவலை, மனநிலை வாய்க்கும்போது எழுதலாம் என்று இருந்தால் எழுதியிருக்க முடியுமா என்பது கேள்விக்குரியது. ஓவியர் மணியம் படம் வரைய வேண்டும். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் காத்திருப்பார். ஊர்தோறும் வாசகர்கள் காத்திருப்பர்.

இம்முறையால் தமிழ் நாவல் இழந்தவையும் உண்டு. ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் வலிந்து வைக்கப்படும் திருப்பங்களும், பக்கக் கணக்குக்காக நீட்டப்பட்ட உரையாடல்களும் தொடர்கதைகளின் தீராத குறை. ஆனால் தமிழில் எத்தனையோ நாவல்கள் முற்றுப்பெற்றதற்கு இந்தக் கெடுவே காரணம் என்பதை அதன் கடும் விமர்சகர்களும் மறுக்கமாட்டார்கள்.

பத்திரிகை நின்றால் நாவலும் நிற்கும் ஆபத்து இதன் மறுபக்கம். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' வ. விஜயபாஸ்கரன் நடத்திய 'சரஸ்வதி' இதழில் வெளிவரத் தொடங்கியது. இதழ் நின்றுபோனது. நாவல் நூலாக வந்தது 1966ஆம் ஆண்டில். இடையில் அது கைவிடப்பட்டிருந்தால் தமிழ் நவீன இலக்கியத்தின் முக்கியமான நாவல்களுள் ஒன்று சில அத்தியாயங்களாகவே பழைய இதழ்களில் மஞ்சளித்துப் போயிருக்கும்.

மரணத்துக்கு எந்தக் கெடுவும் பொருட்டல்ல. பாரதியாரின் 'சந்திரிகையின் கதை' 1921ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது முடியாமல் நின்றது. 1954 டிசம்பரில் கல்கி காலமானபோது 'அமரதாரா' தொடரின் நடுவில் இருந்தது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு அவரது மகள் ஆனந்தி அதை நிறைவு செய்தார்.

அண்மைக் காலத்தில் இணையம் அந்த அன்றாடக் காத்திருப்பைத் திரும்பக் கொண்டுவந்தது. ஜெயமோகன் மகாபாரதத்தை மறு ஆக்கம் செய்து எழுதிய 'வெண்முரசு', 2014ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தொடங்கி 2020ஆம் ஆண்டு ஜூலை வரை, நாளுக்கு ஓர் அத்தியாயம் என்ற முறையில் அவரது இணையதளத்தில் வெளியாகி 26 நாவல்களாக நிறைவடைந்தது. எல்லோருக்கும் இயலக்கூடிய வேகமல்ல அது. ஆனால் அதன் அடிப்படையும் பழையதுதான்: மறுநாள் காலையில் யாரோ வந்து பார்ப்பார்கள்.

புலம்பெயர்ந்த எழுத்தாளரின் நிலை

1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் சுவிட்சர்லாந்துக்குத் தஞ்சம் கோரி வந்த இலங்கைத் தமிழர்களில் பலர் உணவகங்களிலும் ஹோட்டல் சமையலறைகளிலுமே முதலில் வேலை பெற்றனர். இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 50,000 இலங்கைத் தமிழ் வம்சாவளியினர் வாழ்வதாகக் கணிக்கப்படுகிறது. இன்டர்லாக்கன் அமைந்துள்ள பேர்ன் மாநிலமும் அவர்கள் கணிசமாக வாழும் பகுதிகளுள் ஒன்று.

போரையும் இடப்பெயர்வையும் நேரில் கண்ட அந்தத் தலைமுறையிடம் சொல்வதற்குக் கதைகள் நிறைய உண்டு. சிலர் எழுதினர், இன்னும் சிலர் எழுதத் தொடங்கி நிறுத்தினர். இரவு வேலை முடிந்து திரும்பும் ஒருவரிடம் நேரமில்லை என்பது உண்மை. ஆனால் அவர்களுக்கு இல்லாதது நேரம் மட்டுமல்ல. டோல்கீனுக்குக் கிறிஸ்டோஃபர் இருந்தார். புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் பலர் ஜெர்மன் மொழியிலோ பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ சரளமாகப் படிப்பார்கள்; அம்மா எழுதிய தமிழ் அத்தியாயத்தை அவர்களால் படிக்க இயலாது. மிக அருகில் இருக்கக்கூடிய வாசகர், வாசகராக இல்லை. அந்தத் தலைமுறை இப்போது முதுமையை எட்டிவருகிறது என்பதால், இந்த இழப்பு எழுத்தாளரின் தனிப்பட்ட ஏமாற்றமாக மட்டும் நின்றுவிடாது.

நீண்ட இடைவெளி எழுத்தைக் கொன்றுவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வாழும் அ. முத்துலிங்கத்தின் முதல் சிறுகதைத் தொகுப்பான 'அக்கா' 1964ஆம் ஆண்டில் வெளியானது. பல நாடுகளில் பணியாற்றிய அவரது அடுத்த தொகுப்பு 'திகடசக்கரம்' வந்தது 1995இல். முப்பதாண்டு மௌனத்துக்குப் பின் எழுதியவைதான் அவரைப் பரவலாக அறியச் செய்தன.

வாசகர் வீட்டில் இல்லையென்றால் வெளியே தேடிக்கொள்ளலாம். அதற்குப் பெரிய கூட்டம் வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை தொலைபேசியில் ஓர் அத்தியாயத்தை வாசிக்கக் கேட்கும் பழைய பள்ளித் தோழர் ஒருவர் போதும். அவர் விமர்சகராக இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையில், இல்லாதிருப்பதே நல்லது. முதல் வரைவுக்குத் தேவைப்படுபவர் பிழை திருத்துபவர் அல்லர், அப்புறம் என்ன நடந்தது என்று கேட்பவர். அவருக்குக் கொடுக்கும் அத்தியாயமும் புதியதாக இருக்க வேண்டும். திருத்திய முதல் அத்தியாயத்தையே மூன்றாம் முறையாக அனுப்பினால் அந்தத் தோழரும் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

முடியாத மற்றொரு நூல்

டோல்கீனின் முடியாத நூல் எது என்பதற்கு வருவோம். முதல் உலகப் போரில் சோம் போர்முனையிலிருந்து நோயுற்றுத் திரும்பி ஓய்வில் இருந்தபோது, 1916, 1917ஆம் ஆண்டுகளில் அவர் எழுதத் தொடங்கிய தொன்மக் கதைகள் பின்னர் 'த சில்மரில்லியன்' என்ற பெயரைப் பெற்றன. தமது வாழ்வின் தலையாய படைப்பாக அவர் கருதியது இதைத்தான்.

1959இல் அவர் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். நாவலின் வெற்றியால் பணக்கவலையும் தீர்ந்தது. பதிப்பாளர் ஆவலோடு எதிர்பார்த்தார். எழுதுவதற்குத் தடை என்று முன்பு சொல்லப்பட்ட யாவும் அகன்றுவிட்டன. ஆயினும் 1973ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானபோது அந்நூல் முடிந்திருக்கவில்லை.

ஓய்வுக்காலத்தில் அவர் சும்மாயிருக்கவில்லை. பெயர்களின் வேர்ச்சொற்களை ஆராய்ந்தார், வம்சாவளிகளைச் சரிபார்த்தார், பழைய கதைகளைத் தொடக்கத்திலிருந்து திரும்ப எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்டார். உலகத்தின் அமைப்பையே மாற்றிவிடலாமா என்றும் யோசித்தார். காத்திருந்தவர் பலர் என்பது உண்மைதான். ஆனால் அத்தியாயம் அத்தியாயமாக வாரந்தோறும் கேட்க எவரும் இல்லை. முழுமையான நூலுக்காக உலகமே காத்திருப்பதைவிட, அடுத்த அத்தியாயத்துக்காக ஒருவர் காத்திருப்பது வலிமை வாய்ந்தது என்று தோன்றுகிறது.

இந்த நூல்மீது அவர் வைத்திருந்த பற்று, முடிந்த நாவலையும்கூடச் சில ஆண்டுகள் சிறைவைத்தது. இரண்டும் ஒன்றாகவே வெளியாக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்ததால், 1949இல் தயாரான 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வேறொரு பதிப்பகத்துடன் நடந்த பேச்சுவார்த்தைகளில் சிக்கிக் கிடந்தது. 1952ஆம் ஆண்டில், தமக்கு அறுபது வயதான நிலையில், எதுவுமே வராதிருப்பதைவிட ஏதாவது ஒன்று வருவது மேல் என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஸ்டான்லி அன்வினின் மகன் ரெய்னருக்கு இதனைத் தெரிவித்தார். பத்து வயதுச் சிறுவனாக 'த ஹாபிட்' கையெழுத்துப் பிரதியைப் படித்து, வெளியிடலாம் என்று தந்தைக்குப் பரிந்துரைத்தவர் இதே ரெய்னர்தான். பதிப்பகத்துக்கு நட்டம் ஏற்படும் என்றே அவர்கள் கணக்கிட்டனர். 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக நாவல் வெளிவந்தது.

தந்தையின் மறைவுக்குப் பின்னர், குவிந்து கிடந்த கையெழுத்துப் பிரதிகளைக் கையிலெடுத்தவர் கிறிஸ்டோஃபர். ஒன்றுக்கொன்று முரண்பட்ட வரைவுகளிலிருந்து தொகுத்து, 'த சில்மரில்லியன்' நூலை 1977ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் தமது ஆசிரியப் பணியையும் விட்டு, எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தத் தாள்களுக்கே செலவிட்டார். தந்தை 1916, 1917ஆம் ஆண்டுகளில் எழுதிய கதையான 'த ஃபால் ஆஃப் கோண்டொலின்' தனி நூலாக அவரது பதிப்பில் வெளியானது 2018ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது 93. 2020ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் காலமானார்.